பயந்த பூனையை அமைதிப்படுத்தும் இயற்கை வழிகள்: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி, நவம்பர் 5 கய் ஃபாக்ஸ் இரவு, புத்தாண்டு என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஆண்டின் கடைசி மூன்று மாதங்களும் வெடிச்சத்தக் காலம். கோடை இடிமழையும் அதே நேரத்தில்தான் வந்து சேர்கிறது. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து அப்போது வரும் கேள்விகளும் ஆண்டுதோறும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்து, பதிலும் எழுதியிருக்கிறோம்.

எங்க பூனை எப்பவுமே கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும். அது பயமா, தூக்கமா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கால்களைப் பாருங்கள். நிம்மதியாகத் தூங்கும் பூனை பக்கவாட்டில் சாய்ந்து கால்களை நீட்டிவிடும். பயந்த பூனை நான்கு பாதங்களையும் தரையில் ஊன்றியபடியே உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். வால் உடம்போடு ஒட்டியிருக்கும், காதுகள் பக்கவாட்டில் தாழ்ந்திருக்கும், நல்ல வெளிச்சத்திலும் கண்மணி கறுத்து விரிந்திருக்கும்.

நாட்பட்ட பயம் வேறு விதமாகத் தெரியும். வீடு அடங்கிய பிறகு மட்டும் சாப்பிட வரும். அடிவயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் ஓயாமல் நக்கி முடி கொட்டிப்போகும். மணல் தட்டை விட்டுவிட்டு மெத்தையிலோ துணிக்கூடையிலோ சிறுநீர் கழிக்கும். இதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் பயம் இரட்டிக்கும், அவ்வளவுதான்.

டாக்டர்கிட்ட போகாம, முதல்ல வீட்டு வைத்தியம் பார்க்கலாமா?

நேற்றுவரை நன்றாக இருந்த பூனை திடீரென்று மாறியிருந்தால், முதலில் கால்நடை மருத்துவர்தான். பல் வலி, மூட்டு வலி, சிறுநீர்ப்பை அழற்சி எல்லாமே பயம் போலத்தான் தோன்றும். பத்து வயதைத் தாண்டிய பூனை இரவெல்லாம் கத்திக்கொண்டு நடந்து, நிறையச் சாப்பிட்டும் மெலிந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு எந்த மூலிகையும் உதவாது.

மூன்று அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிரே போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இரண்டாவது. ஒரு முழு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடாதது மூன்றாவது. குறிப்பாகக் குண்டான பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து செயலிழக்கத் தொடங்கும்.

செலவில்லாம இன்னைக்கே என்ன செய்யலாம்?

ஓர் அட்டைப்பெட்டி போதும். பூனைக்குப் பதுங்கிடம்தான் முதல் மருந்து. இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் மற்ற எல்லாமே அதற்கு அடுத்தபடிதான். 2014இல் வெளியான நெதர்லாந்து காப்பக ஆய்வு ஒன்றில், புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவை கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் தேறின.

பூனை உள்ளே சுருண்டு படுத்தால் முதுகு சுவரில் லேசாகப் படும் அளவு பெட்டி வேண்டும். பெரிய பெட்டியில் பாதுகாப்பு உணர்வு வராது. இரண்டு பக்கம் வழி வெட்டுங்கள். ஒரே வழி இருந்தால் இன்னொரு பூனையோ நாயோ வாசலில் நின்றே சிறைப்பிடித்துவிடும். உள்ளே நீங்கள் உடுத்திய, துவைக்காத பருத்திச் சட்டை ஒன்றைப் போடுங்கள். பூனை உள்ளே இருக்கும்போது கையை விடக் கூடாது, எட்டிப் பார்த்துக் கொஞ்சவும் கூடாது. வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பூனையோட வாசனையே பூனைக்கு மருந்துன்னு சொல்றாங்களே, அது என்ன?

உண்மைதான். பூனை மேசைக்கால், கதவு நிலை, உங்கள் கணுக்கால் எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அப்போது கன்னச் சுரப்பியிலிருந்து ஃபெரோமோன் படிகிறது. "இது தெரிந்த இடம், பயமில்லை" என்று தனக்கே போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. வீடு மாறினாலும், தளவாடம் மாற்றினாலும், தரையை ஜிக் (ப்ளீச்) வைத்துத் துடைத்துத் தள்ளினாலும் அந்த அடையாளம் அழிந்துபோகும்.

மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். பூனை தானாக வந்து உரசும் நேரத்தில், வாயோரத்திலிருந்து கன்னம் வழியாகக் காதடிவரை நாலைந்து முறை மெதுவாகத் தடவுங்கள். துணியில் எதுவும் தெரியாது, மணக்கவும் மணக்காது, ஆனாலும் இருக்கும். அதை உடனே புது அறையின் மேசைக்கால், சோபா முனை, கதவு ஓரம் ஆகியவற்றில் பூனையின் மூக்கு உயரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் அளவில், தேய்த்துவிடுங்கள். தினமும் ஒரு முறை, ஒன்றிரண்டு வாரம். பயந்திருக்கும்போது பிடித்துவைத்துத் தேய்த்தால் பலன் கிடைக்காது.

கேட்னிப் கொடுத்தா அமைதியாகுமா? எங்களுது பைத்தியம் பிடிச்ச மாதிரி உருளுது.

அது முதலில் உருளும், பிறகுதான் தளரும். கேட்னிப் என்ற புதினா வகைச் செடியின் இலையிலுள்ள நெப்பெட்டாலாக்டோன் மூக்கின் வழியாக வேலை செய்கிறது. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் துள்ளல், பிறகு மயக்கமான ஓய்வு. அதன் பிறகு அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வைத்தாலும் பூனை திரும்பிப் பார்க்காது. உலர்ந்த இலை அரைத் தேக்கரண்டி, வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பொதுவாக வேலை செய்யாது. பெரிய பூனைகளிலும் மூன்றில் ஒன்று கண்டுகொள்ளாது. அது பிறவிக் குணம். அப்படிப்பட்ட பூனைகளில் பலவற்றுக்குச் சில்வர் வைன் என்ற கொடியின் பொடி பிடிக்கிறது.

வெடி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்னிப் வைக்காதீர்கள். ஏற்கெனவே படபடப்பிலிருக்கும் பூனையை அது இன்னும் கிளப்பிவிடும். இரண்டு பூனைகள் முறைத்துக்கொண்டிருக்கும் வீட்டிலும் வேண்டாம். மாலையில், ஊர் அமைதியாக இருக்கும்போது, விளையாட்டுக்குப் பின் வையுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் உலர்ந்த இலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய கண்ணாடிக் குடுவையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

பாட்டி சொல்லுவாங்க, குப்பைமேனிக்குப் பூனைவணங்கின்னே பேரு இருக்குன்னு. அதைக் கொடுக்கலாமா?

பாட்டி சொன்னது சரி. குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து உரசி, உருண்டு, வணங்குவது போலக் கிடக்கும். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கேட்னிப்பைப் போன்ற ஈர்ப்பு அது, இலையில் இல்லாமல் வேரில் இருக்கிறது.

ஆனால் அந்தச் செடியில் சயனைடு விடும் தன்மையுள்ள அக்காலிஃபின் என்ற பொருளும் இருக்கிறது. பூனைக்கு எவ்வளவு வரை தாங்கும் என்று யாரும் அளந்து வைக்கவில்லை. முகரக் கொடுப்பதும் தின்னக் கொடுப்பதும் பூனையிடம் ஒன்றுதான், முகர்ந்ததை உடனே கடிக்கும். கேட்னிப் எளிதாகக் கிடைக்கும்போது இந்த வேருக்குப் போக வேண்டிய தேவையில்லை. சாறு பிழிந்து ஊட்டவே கூடாது.

லாவெண்டர் எண்ணெய் மனசை அமைதிப்படுத்தும்னு டிஃப்யூசர்ல போட்டு வைக்கிறோம். அது பூனைக்கும் நல்லதுதானே?

நல்லதல்ல. பூனையின் கல்லீரலில், நம் உடலிலும் நாயின் உடலிலும் பல வேதிப்பொருட்களைக் கரைத்து வெளியேற்றும் ஒரு வழி (குளுக்குரோனைடு சேர்க்கை) மிகவும் பலவீனம். அதனால் நறுமண எண்ணெய்களிலுள்ள ஃபீனால், டெர்பீன் வகைகள் வெளியேறாமல் தேங்கும். டிஃப்யூசர் தெளிக்கும் நுண்துளி ரோமத்தில் படியும், பூனை நக்கும், வயிற்றுக்குள் போகும். மூக்கு வழியாக மட்டுமல்ல, இந்த வழியிலும் போகும்.

டீ ட்ரீ எண்ணெய் எல்லாவற்றிலும் மோசம். உண்ணி போக என்று நேரே தோலில் தடவியே பூனைகளுக்கு நடுக்கமும் நடை தள்ளாட்டமும் வந்திருக்கின்றன. யூகலிப்டஸ், புதினா, இலவங்கம், பட்டை, எலுமிச்சை எண்ணெய்களும் இதே வரிசைதான். "நூறு சதவீதம் தூய்மையானது" என்று புட்டியில் எழுதியிருந்தால் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போ வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், பூனையை வேறு அறைக்கு மாற்றினால் போதும். விளக்கேற்றும் முன்பே பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஜன்னலைத் திறந்து, புகை கலைந்த பிறகு வெளியே விடுங்கள். ஆஸ்துமா உள்ள பூனைக்குச் சாம்பிராணிப் புகை இருமலையும் இழைப்பையும் உடனே கொண்டுவரும்.

கற்பூரக் கட்டியைத் திறந்த தட்டில் விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் வலிப்பு வரும். பீரோவில் போடும் பாச்சை உருண்டை, விக்ஸ், கோடாலித் தைலம் இவற்றையும் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். தைலம் தடவிய கையால் பூனையைத் தடவுவது பலர் யோசிக்காத தவறு. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஃபெலிவே பிளக் வாங்கி வெச்சோம், ஒண்ணும் நடக்கலையே?

ஃபெலிவே மூலிகை அல்ல. மேலே சொன்ன கன்ன ஃபெரோமோனின் செயற்கை நகல். மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. சோபாவுக்குப் பின்னாலோ திரைக்கு அடியிலோ சொருகுவது ஒன்று, காற்றோட்டமில்லாவிட்டால் பரவாது. பூனை புழங்காத வரவேற்பறையில் வைப்பது இன்னொன்று. 50 முதல் 70 சதுர மீட்டர்தான் அதன் எல்லை, சுவரைத் தாண்டிப் போகாது. மூன்றாவது, பயம் வரும்போது மட்டும் போட்டு அணைப்பது. அது இருபத்திநாலு மணி நேரமும் எரிய வேண்டும், ஒரு புட்டி சுமார் 30 நாள் வரும், பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

மின்வெட்டு வந்தால் அதுவும் அணைந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குக் கவலை வேண்டாம். நீண்ட வெட்டு என்றால் அதே மருந்தின் ஸ்ப்ரேயைப் படுக்கைத் துணியில் அடிக்கலாம். கேரியர் கூடைக்கு எட்டுப் பத்துத் தடவை அடித்து, பதினைந்து நிமிடம் காயவிட்டு, அதன் பிறகே பூனையை உள்ளே விடுங்கள். ஸ்ப்ரேயிலுள்ள ஆல்கஹால் வாடை போகாவிட்டால் பூனை கூடையையே வெறுக்கும். பூனை மேல் அடிக்கவே கூடாது.

ஸைல்கீன் பால்ல இருந்துதான் எடுக்குறாங்களாமே. அப்படின்னா ஒரு கிண்ணம் பால் வெச்சாலே போதுமே?

போதாது. ஸைல்கீன் என்பது பயத்தைக் குறைக்கும் கேப்சூல். பாலிலுள்ள கேசின் புரதத்தை டிரிப்சின் நொதியால் வெட்டித்தான் அதிலுள்ள ஆல்ஃபா காசோசெபின் கிடைக்கிறது. ஒரு கிண்ணம் பாலில் அந்த அளவு வராது. மேலும் வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கோடு தவிக்கும் பூனை எப்படி அமைதியாகும்?

ஐந்து கிலோவுக்குட்பட்ட பூனைக்கு நாளைக்கு 75 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று. திறந்து பொடியை ஈர உணவில் கலக்கலாம். தெரிந்த தேதிக்கு, அதாவது தீபாவளிக்கோ பயணத்துக்கோ, ஓரிரு நாள் முன்பே தொடங்கிக் கடைசிவரை கொடுக்க வேண்டும். வீடு மாறுவது போன்ற பெரிய மாற்றத்துக்கு ஒன்றிரண்டு மாதம். பால் புரத ஒவ்வாமை உள்ள பூனைக்கு வேண்டாம். தூக்கக் கலக்கம் வராது, பூனை வழக்கம்போல நடமாடும், திடுக்கிடுவது குறையும்.

கமோமில் டீ, ரூய்போஸ், வலேரியன் சொட்டு? நமக்கு இதெல்லாம் நல்லா வேலை செய்யுதே.

கமோமில் பூனைக்கு ஒவ்வாத செடி. வாந்தியும் பேதியும் வரும். ரூய்போஸ் மூலிகை டீயில் காஃபீன் கிடையாது, ஆனால் பூனையின் பயத்துக்கு அதனால் ஆகப்போவதும் எதுவுமில்லை. கிரீன் டீயிலுள்ள தியானின் நல்லது என்று கேள்விப்பட்டு டீ வைக்காதீர்கள், அதில் காஃபீன் இருக்கிறது. பூனைக்கென்றே செய்த எல்-தியானின் மாத்திரை தனியாக வருகிறது. வழக்கமான அளவு 25 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை.

வலேரியன் வேர் மனிதனைத் தூங்கவைக்கும், பூனையைத் துள்ளவைக்கும். கேட்னிப் போலத்தான் அது. உலர்ந்த வேர் தைத்த பொம்மையை விளையாடக் கொடுக்கலாம். மருந்துக்கடைச் சொட்டு ஆல்கஹாலில் ஊறியது, அதை ஊட்டக் கூடாது.

ரெஸ்க்யூ ரெமடி நாலு சொட்டு விடலாமா?

ரெஸ்க்யூ ரெமடி ஒரு மலர்ச்சாறு. மனிதர்களுக்கான புட்டியில் பிராந்திதான் அடிப்படை, அது வேண்டாம். விலங்குகளுக்கான புட்டியில் கிளிசரின், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த மலர்ச்சாறுகள் வெறும் தண்ணீரைவிட மேலாக வேலை செய்ததாக மனிதர்களிடம் நடந்த சோதனைகளிலும் உறுதியாகவில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு மணல் தட்டு வாங்குங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் வரும் எண்ணிக்கையில் தட்டுகள் இருக்க வேண்டும், அவற்றையும் ஒரே மூலையில் அடுக்காமல் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும். பல வீடுகளில் பயத்தின் பாதி அதிலேயே தீர்கிறது.

குரங்கு வர்றதாலதான் எங்க பூனை மிரளுது. அதுக்கு என்ன மருந்து?

மருந்து ஜன்னலில்தான் இருக்கிறது. டர்பனின் மரஞ்சூழ்ந்த பகுதிகளில் வெர்வெட் குரங்குக் கூட்டம் மதிலேறி வரும்போது பூனை கண்ணாடி வழியாகப் பார்த்து உறைந்துபோகும். அந்தப் படபடப்பில் வீட்டிலுள்ள இன்னொரு பூனையின் மேலோ உங்கள் காலிலோ பாயும். குரங்கு போன பிறகும் சில மணி நேரம் அதைத் தொடாதீர்கள்.

பூனை உட்காரும் ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பால் நிற ஒட்டுப்படலம் ஒட்டுங்கள். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. பழக்கூடை, பூனையின் மிச்சச் சாப்பாடு எதுவும் ஜன்னலோரத்தில் இருக்கக் கூடாது. குரங்குக்கு வாழைப்பழம் போடும் பக்கத்து வீட்டாரிடம் பேச முடிந்தால் பேசுங்கள். இது தொடரும்வரை எந்த கேப்சூலும் முழுப்பலன் தராது.

தீபாவளி அன்னைக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என்னென்ன செய்யணும்?

இரண்டு வாரம் முன்பே ஃபெரோமோன் பிளக்கைப் போட்டுவிடுங்கள். தெருவை ஒட்டாத, முடிந்தால் ஜன்னலே இல்லாத ஓர் உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன பெட்டியை அங்கே வைத்து, தினமும் ஒரு வேளைச் சோற்றையும் அங்கேயே வையுங்கள். அன்றுதான் முதல்முறையாக அந்த அறையில் அடைத்தால் அதுவே தண்டனையாகிவிடும். மைக்ரோசிப் இருந்தால் பதிவிலுள்ள போன் எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஓடிப்போன பூனையை யாராவது கண்டெடுத்தால் உங்களைத் தொடர்புகொள்ள அது உதவும்.

அன்று பிற்பகல் நான்கு மணிக்குள் பத்து நிமிடம் நன்றாக விளையாட்டுக் காட்டி, வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, ஐந்து மணிக்குள் உள்ளே விட்டுவிடுங்கள். விருந்தினர் வந்துபோகும் வீடு என்பதால் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். திரையை இழுத்து, மின்விசிறியையோ வானொலியையோ ஒரே சீரான சத்தத்தில் ஓடவிடுங்கள். மணல் தட்டும் தண்ணீரும் அறையின் எதிரெதிர் மூலைகளில். பயந்த பூனையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். தானாக வந்தால் மட்டும் தடவுங்கள், வராவிட்டால் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருங்கள். விடிந்ததும் தோட்டத்தில் கிடக்கும் வெடிக்குச்சிகளைப் பொறுக்கிவிட்டுத்தான் வெளியே விட வேண்டும்.

டாகா (கஞ்சா) இப்போ சட்டப்படி வீட்ல வெச்சுக்கலாமே. பூனைக்கு ரெண்டு சொட்டு கஞ்சா எண்ணெய் விட்டா என்ன?

2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் அனுமதித்தது வளர்ந்த மனிதர்கள் தனிப்பட்ட இடத்தில் பயன்படுத்துவதை. அதற்கும் பூனைக்கும் தொடர்பில்லை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கலந்த எதுவும் பூனைக்கு நஞ்சு. தள்ளாடும், தானறியாமல் சிறுநீர் சொட்டும், உடம்பு குளிரும், இதயத் துடிப்பு குறையும். போதை தராத சிபிடி மட்டும் உள்ளது என்று விற்கும் எண்ணெயிலும் டிஎச்சி எவ்வளவு என்பதைப் புட்டியை நம்பிச் சொல்ல முடியாது. எலுமிச்சை, புதினா மணம் சேர்த்திருந்தால் லாவெண்டர் பதிலில் சொன்ன சிக்கலும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வேண்டாம்.

இதெல்லாம் ஒண்ணா சேர்த்துக் கொடுத்தா சீக்கிரம் குணமாகுமா?

பெட்டி, கன்ன வாசனை, பிளக் மூன்றையும் ஒன்றாகத் தொடங்கலாம், அவை மோதாது. வாய்வழி கொடுப்பதை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், குறைந்தது இரண்டு வாரம் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் குறியுங்கள்: எவ்வளவு சாப்பிட்டது, மணல் தட்டில் எத்தனை கட்டி, எத்தனை முறை பதுங்கியது, எத்தனை முறை தானாக வந்தது. நினைவை நம்பினால் நேற்றைய நாள் மட்டும்தான் தெரியும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடும் பூனைக்கு, எதைச் சேர்ப்பதானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

எல்லாம் செஞ்சும் அடங்கல. இங்கிலீஷ் மருந்து கொடுக்க மனசு வரலையே?

பயத்தில் நடுங்கிக்கொண்டே இரவைக் கழிக்கும் பூனைக்கு மருந்து தராமலிருப்பதுதான் கொடுமை. கபாபென்டின் இப்போது மருத்துவர்கள் பரவலாக எழுதுவது. வெடிக்கோ பயணத்துக்கோ இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கொடுப்பார்கள். சற்றுத் தள்ளாடும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தெளியும். எடைக்கும் சிறுநீரக நிலைக்கும் ஏற்ப அளவு மாறும், ஆகவே பக்கத்து வீட்டுப் பூனையின் மாத்திரையைப் பங்கு போடாதீர்கள்.

ஏசிபி என்ற பழைய மயக்க மாத்திரையை யாராவது தந்தால் கேள்வி கேளுங்கள். அது உடம்பைத்தான் தளர்த்தும், பயத்தை அடக்காது. பூனை அசையாமல் கிடக்கும், உள்ளே அத்தனை சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும். பனடோ, அதாவது பாராசிட்டமால், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரையும் கூடாது.

தெரியாம எண்ணெய் கொட்டிருச்சு, இல்ல பூவைக் கடிச்சிருச்சு. உடனே என்ன செய்யணும்?

ரோமத்தில் எண்ணெய் பட்டிருந்தால் நக்கவிடாமல் துண்டில் சுற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை கழுவி, நன்றாகத் துடைத்துச் சூடாக வையுங்கள். விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பூங்கொத்தில் வரும் லில்லி வகைகள் தனி. மகரந்தத்தை நக்கினாலே, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே சிறுநீரகம் செயலிழக்கும். முதல் நாள் பூனை நன்றாகத்தான் தெரியும், அதை நம்பிக் காத்திருந்தால் காலம் தவறிவிடும். ரோமத்தில் மஞ்சள் பொடி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அந்த மணி நேரமே கிளம்புங்கள். இங்கே தோட்டத்தில் வளரும் அரம் லில்லி வேறு குடும்பம், வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், சிறுநீரகத்தைத் தாக்காது. மாலைக்குப் பறிக்கும் அரளி இதயத்தைத் தாக்கும். மல்லிகை பயமில்லை. எந்தப் பூ என்று சந்தேகம் இருந்தால் ஒரு இலையும் ஒரு பூவும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.